மலைக்கோட்டை தெரியாத தெரு

படம் ஓட ஆரம்பித்து ஏழு நிமிஷம் ஆகியும் கதவு வரவில்லை. வராமலே போனாலும் போகும், எவ்வளவோ எடுத்தார்கள், எல்லாவற்றையுமா போட்டுவிடுவார்கள் என்று செசிலி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். விரல் நுனி சிவந்து போயிற்று. பக்கத்து நாற்காலியில் தவமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து, கல்லூரிக்காரர்கள் கொடுத்த முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள். கல்லூரியின் சின்ன அரங்கம். முப்பது பேர் இருந்தால் அதிகம். மத்தியானம் மூன்று மணிக்கு யார் வருவார்கள் இந்த மாதிரிப் படத்துக்கு? கதாநாயகன் இல்லை, பாட்டு இல்லை, திருச்சியில் எங்கே நின்று பார்த்தாலும் மலைக்கோட்டை தெரியும் என்று சொல்கிறார்களே, அது தெரியாத தெருக்களாகத் தேடித் தேடி எடுத்த படமாம். பவதாரணி என்று ஒரு பெண், கழுத்தில் கேமராவும் முதுகில் மூட்டையுமாக ஆறு மாசம் அலைந்து எடுத்தது. நேற்று போனில், "உங்க கதவு அவ்ளோ அழகா வந்திருக்கும்மா, பெரிய ஸ்கிரீன்ல பாருங்க, அசந்துருவீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் செசிலியின் ராத்தூக்கம் போயிற்று. வராமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தவமணி வந்துவிடுவாளே. தான் இல்லாமல் தவமணி தனியாக உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்ப்பதை நினைத்ததும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூட இருந்தால் என்ன செய்துவிட முடியும், கண்ணைப் பொத்தவா முடியும்? அந்த ஒன்றே ஒன்று, கதவின் வெளிப்பக்கத்தில் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருப்பது, இருபத்தாறு வருஷமாகத் தவமணி கண்ணில் படாமல் காப்பாற்றி வந்தது, அது படக்கூடாது. அவ்வளவுதான் அவள் வேண்டியது. மாதாவே, அது மட்டும் வரக்கூடாது. செசிலி ஒன்றும் பயந்த சுபாவக்காரி இல்லை. ரேஷன் கடை வரிசையில் அவள் குரல் கேட்டால் தராசு முள் தானாக நேராகும். அப்படிப்பட்டவள் இப்போது பால்வாடிக் குழந்தையாட்டம் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரையில் கல் பட்டை தீட்டும் சந்து வந்தது. ஒரே அறையில் ஆறு பேர் குனிந்து உட்கார்ந்து செயற்கை வைரத்தைச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கிறார்கள். சர்ர்ர் என்ற அந்தச் சத்தம் அரங்கத்தின் நாலு மூலையிலிருந்தும் கிளம்பி செசிலியின் பல்லுக்குள் புகுந்தது. சாணை பிடிக்கிற சத்தம். அன்றைக்கு அவர்கள் அருவாளைச் சாணை பிடித்துத்தான் வந்திருப்பார்கள். இல்லாவிட்டால் தேக்கில் அவ்வளவு ஆழம் இறங்குமா? இரண்டு பேர். ஒருவன் மஞ்சள் பனியன், இன்னொருவன் என்ன போட்டிருந்தான் என்று அவள் பார்க்கவில்லை, ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தது ஒரு நொடிதான், அந்த ஒரு நொடியில் மஞ்சள் மட்டும் உள்ளே வந்து ஒட்டிக்கொண்டது. இன்றுவரை மஞ்சள் பனியன் போட்டவன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். லாரி ஆபீஸ் வாசலில் நடந்த ஒரு குத்துக் கேஸில் தவமணியின் புருஷன், தச்சன் சிங்காரம் சாட்சி. வேண்டாம் என்று ஊரே சொல்லிற்று. "பாத்தத பாத்தேன்னு சொல்றதுல என்ன இருக்கு?" என்றானாம். வியாழக்கிழமை கோர்ட்டில் சொல்ல வேண்டியது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவன் செசிலியின் தெருவுக்குள் ஓடி வந்தான். இன்றைக்கும் செவ்வாய். இன்றைக்கும் மூன்று மணி. இதையெல்லாம் யார் திட்டம் போடுகிறார்கள்? கல்லூரிக்காரர்களா? "எப்டி மின்னுது பாருக்கா, கண்ணு கூசுது" என்று தவமணி முழங்கையால் இடித்தாள். "ம்" என்றாள் செசிலி. தவமணியின் முழங்கை பட்ட இடம் வெகு நேரம் குறுகுறுத்தது. இந்த முழங்கை, இந்தக் கை, தெரிந்தால் என்ன செய்யும்? கழுத்தைப் பிடிக்குமா? பிடிக்கட்டும். பிடித்து நெரித்து இந்த நாற்காலியிலேயே போட்டுவிட்டால்கூட தேவலை என்று ஒரு நினைப்பு ஓடிற்று. அது ஓடி முடிப்பதற்குள், ஐயோ வேண்டாம், பேத்தி கோயிலில் புதுநன்மை வாங்குகிற நாள் வருகிறது என்று இன்னொரு நினைப்பு குறுக்கே விழுந்தது. மனசு எவ்வளவு அற்பம்.

அந்தக் கதவைச் செய்ததே சிங்காரம்தான். அதுதான் தொண்டையில் மாட்டிய முள், துப்பவும் முடியாது முழுங்கவும் முடியாது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் பழைய ரயில்பெட்டிகளைப் பிரித்து ஏலம் விட்டபோது அவள் புருஷன் ஆரோக்கியம் பலகை எடுத்து வந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பர்மா தேக்கு. சிங்காரம் நாலு நாள் வாசலில் உட்கார்ந்து இழைத்தான். தவமணி அப்போது புதுப்பெண், மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வருவாள், வந்தவள் சும்மா இருக்க மாட்டாமல் அவனுக்கு எடுபிடி செய்வாள். பலகையில் ரயில்வேக்காரன் அடித்த ஆணி ஓட்டைகள் இருந்தன. அதை அடைக்க வச்சிரப் பசையை உருக்கி, அதில் மரத்தூளைக் கொட்டிக் கொழகொழவென்று பிசைந்து, ஓட்டையில் அப்பிக் கட்டைவிரலால் அழுத்தினான். அந்த நாற்றம், மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சின நாற்றம், தெரு முழுக்கக் குமட்டிற்று. "இதே பலகையோட தூளத்தான் போடணும்க்கா. வேற மரத்துத் தூளு போட்டா நெறம் காட்டிக் குடுத்துரும்" என்றான். ஒரு டப்பா நிறையத் தூளையும், கட்டி வச்சிரத்தையும் கொடுத்து, பிற்பாடு எங்கேயாவது விரிசல் விட்டால் நீங்களே அடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டும் போனான். கடைசி நாள் கதவை மாட்டி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, வெளியே போய் நின்று தோளால் இடித்தான். அசையவில்லை. உள்ளே கையில் குழந்தையோடு நின்ற செசிலியிடம், "ஆனை வந்து முட்டுனாலும் தெறக்காதுக்கா" என்று கத்திச் சிரித்தான். அவன் சிரிப்பு பலகையைத் தாண்டி மங்கலாகத்தான் வந்தது. அந்தக் கதவு அவ்வளவு கனம்.

கல் சந்து முடிந்து கறிக்கடைச் சந்து வந்தது. பவதாரணிக்கு வேறு தெருவே கிடைக்கவில்லையா? புளியமரக் கட்டையில் கத்தி இறங்குகிறது. டொக். ஒவ்வொரு வெட்டுக்கும் கறிக்காரர் ஏதோ தன் கஷ்டத்தைப் பேசுகிறார், கீழே எழுத்து ஓடுகிறது, செசிலிக்குப் பேச்சு கேட்கவில்லை, கட்டைதான் கேட்டது. டொக். மரத்தில் இரும்பு இறங்கினால் முதலில் சத்தம் வராது, அதிர்ச்சிதான் வரும், முதுகெலும்பில் வரும், அப்புறம்தான் காதுக்கு வரும். அவளுக்கு அது தெரியும். அன்றைக்கு அவள் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். முதலில் கை தட்டிற்று. தெருவில் பதினொரு கதவைத் தாண்டி அவன் அவள் கதவைத்தான் தட்டினான், தான் செய்த கதவு தாங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "செசிலிக்கா! தெறங்கக்கா! நான்தான், சிங்காரம்." யார் என்று தெரியாமல் திறக்காமல் இருந்துவிடப் போகிறாள் என்று பேரைச் சொல்கிறான். பேரைச் சொன்னான், மாதாவே, பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. போயிற்றா? போயிற்று என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்து வருகிறாள், சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டாள். மூன்று வயசு ரெஜினா அழ ஆரம்பித்தது. போன கை அங்கிருந்து திரும்பிக் குழந்தையின் வாயைப் பொத்திற்று. மூக்கையும் சேர்த்துப் பொத்திவிட்டது, குழந்தை நீலம் பாரித்துத் திமிறியது, கடித்தது, விடவில்லை. டொக். தோளுக்கு நேரே. டொக். அவன் விலகியிருப்பான், அருவாள் பலகையில் இறங்கியிருக்கிறது, அதைப் பிடுங்க அவர்கள் கதவைக் காலால் உதைத்தார்கள், அவள் முதுகு குலுங்கிற்று. டொக், டொக். "அக்கா" என்றான். அப்புறம் "யக்கா" என்று சின்னதாக. பிறகு பலகையில் ஏதோ உரசிக்கொண்டு கீழே இறங்கிற்று. அவன் முதுகு. அவளும் கூடவே இறங்கினாள், ஏன் என்று தெரியாது, இறங்க இறங்க முதுகில் இன்னும் இரண்டு டொக். இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருக்கிறான், நடுவே ஒன்றரை அங்குலம் தேக்கு. கடைசி வெட்டு அவள் இடுப்புக்கு நேரே இறங்கிற்று. அவ்வளவு கீழே. உட்கார்ந்திருக்கிறவனை வெட்டினார்கள். மேலே நாலு, நடுவில் இரண்டு, கீழே ஒன்று. ஏழு. கறிக்காரர் ஈரல் துண்டை எடுத்துத் தராசில் எறிந்தார். செசிலிக்கு வாயில் எச்சில் ஊறி உப்புக் கரித்தது, வாந்திக்கு முன் ஊறுகிற எச்சில். கத்தியைப் பிடுங்கி அந்தத் திரையை மேலிருந்து கீழே கிழித்தால் என்ன என்று தோன்றிற்று. அந்தப் பெண் பவதாரணி, முன் வரிசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு தன் படத்தைத் தானே ரசித்துக்கொண்டிருக்கிறாள், அவள் பின்னலைப் பிடித்து இழுத்து அறையலாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? தெரியாதவர்களைத்தான் முதலில் அறையத் தோன்றுகிறது.

அப்புறம் தெரு அமைதியாயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக அது உள்ளே வந்தது, மெதுவாக, ஒரு கோடாக, அவள் புடவையை நனைத்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு என்ன? ஐயோ என்றா? சிங்காரம் என்றா? இல்லை. ஆரோக்கியம் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் வாசலைக் கழுவிவிட வேண்டும். அதுதான். அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. கதவு திறக்காததை ஒரு தடவை சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள், குழந்தை இருந்ததே அம்மா என்று அவரும் பரிகாரமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். கழுவ நினைத்ததைச் சொன்னதில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், சத்தமே இல்லாமல் திறந்தது. அவன் உள்பக்கமாகச் சாய்ந்து அவள் காலில் விழுந்தான், கண் திறந்திருந்தது, போய்விட்டிருந்தான். அவள் மண்டி போட்டாள், தலை மடிக்கு வந்துவிட்டது, செம்பு கையில் இருந்தது. அந்தக் கோலத்தில்தான் தவமணி ஓடி வந்து பார்த்தாள். தலைமயிர் அவிழ்ந்து, கையில் மாவு ஒட்டியிருக்க, தெரு முனையிலிருந்து ஓடி வந்தவள் புருஷனைப் பார்க்கவில்லை, செம்பைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சாராக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எந்தப் பிறவியால் முடியும்? "குடிச்சாரு" என்றாள் செசிலி. அவ்வளவுதான். வாசல் கழுவ எடுத்த தண்ணீர் கடைசித் தண்ணீர் ஆயிற்று. போலீஸ் கேட்டபோது பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். தவமணி கேட்டபோது, தட்டினதும் திறந்துவிட்டேன், அதற்குள் வெட்டிவிட்டார்கள், என் மடியில் விழுந்தார், இரண்டு மடக்கு குடித்தார் என்றாள். இரண்டு பொய்யும் ஒரே தெருவில் குடியிருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை, ஏனென்றால் தெருவில் பன்னிரண்டு கதவும் அன்றைக்கு மூடித்தான் இருந்தன, யார் யாரைக் காட்டிக் கொடுப்பது? அந்த வாரமே அவள் டப்பாவைத் திறந்து வச்சிரம் உருக்கி, அவன் கொடுத்த தூளைப் போட்டுப் பிசைந்து, ஏழு வெட்டையும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தாள். மேலே ரயில்வே பச்சை அடித்தாள். நிறம் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் தவமணி விடவில்லையே. அவன் திதி நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, காரியம் முடிந்ததும் நேரே செசிலி வீட்டுக்கு வருவாள். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து நீட்டுவாள். "உன் கையால ஊத்துக்கா. அவுங்க குடிச்ச கை." செசிலி அந்தச் செம்பில் மொண்டு ஊற்றுவாள். தவமணி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள், புறங்கையால் வாயைத் துடைப்பாள், அப்புறம்தான் சோறு. இருபத்தாறு தடவை. முதல் வருஷம் செசிலியின் கை நடுங்கித் தண்ணீர் கீழே சிந்திற்று. பத்தாம் வருஷம் நடுங்கவில்லை. அதுதான் இன்னும் பயங்கரம், நடுக்கம்கூடப் பழகி நின்றுபோனது. நடுவில் எத்தனை நாள் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்திருக்கிறாள். ரெஜினா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி தவமணிதான் கண் விழித்தாள். ஆரோக்கியம் செத்தபோது இவள்தான் தலைமாட்டில் உட்கார்ந்து, "அழுக்கா, அழுதுரு, உள்ள வச்சுக்காத" என்று முதுகைத் தடவினாள். அந்த முதுகைத்தான் தடவினாள்.

"அக்கா, அக்கா, நம்ம தெரு!" தவமணி முறுக்குப் பொட்டலத்தைக் கீழே போட்டாள். திரையில் குழாயடி. குடங்கள், நைட்டிகள், ஒரு நாய். தவமணி இடுப்பில் குடத்தோடு கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்கிற காட்சி வந்ததும் அரங்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். தவமணி நிஜமாகவே வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்தாள். அடுத்தாற்போல் செசிலியே வந்தாள், பெரிய முகமாக, மூக்குத்தி துவாரமெல்லாம் தெரிய, கார்ப்பரேஷன்காரர்களைத் திட்டினாள். "தண்ணி இல்லாம ஒரு உசுரு இருக்க முடியுமா சொல்லுங்க?" என்று திரைச் செசிலி கேட்டாள். ஏன் அதைச் சொன்னாய், மூதேவி? நாற்காலிச் செசிலிக்குக் காது சுட்டது. ஆனால் அதோடு தெருவின் கோடிக்குக் கேமரா போய்விட்டது, ரயில் பாதை, முள்வேலி, மேகம். முடிந்துவிட்டது. வரவில்லை. போடவில்லை. மாதாவே, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன். அவள் முதுகை நாற்காலியில் சாய்த்தாள்.

சாய்த்த முதுகு நிமிர்வதற்குள் கதவு வந்தது. திரை முழுக்க. இசை கிடையாது, பேச்சு கிடையாது, காலைக் காக்கை மட்டும். வச்சிரம் வருஷாவருஷம் காய்ந்து சுருங்கும், வெட்டு மெல்லத் தலைகாட்டும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுரண்டி மறுபடி அடைத்துப் பெயிண்ட் அடிப்பாள். கேமராக்காரர்கள் வருகிறார்கள், வாசல் பளிச்சென்று இருக்கட்டுமே என்று இந்த வருஷம் முன்கூட்டியே, முந்தின நாள் சாயங்காலம் உப்புத்தாள் போட்டுப் பச்சையை முழுக்கத் தேய்த்து எடுத்திருந்தாள். காலையில் அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். எட்டு மணிக்கு வருகிறேன் என்ற பவதாரணி ஆறு மணிக்கே வந்துவிட்டாள். "ஐயோ இந்த வெளிச்சம்!" என்று கத்திக்கொண்டே எடுத்தாள். அந்தச் சந்தில் வெயில் நேராக வராது, ஆறு மணிக்கு மட்டும் சுவரோடு சுவராகச் சாய்ந்து வந்து கதவைத் தடவிக்கொண்டு போகும். அந்த வெயிலில் ஏழும் தெரிந்தன. சிங்காரத்தின் தூள் என்றைக்கோ தீர்ந்துபோய், பிற்பாடு கண்ட மரத்துத் தூளையும் போட்டு அடைத்ததில் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு நிறமாக, வெளிறியும் கறுத்தும், ஓரம் பிளந்து நின்றது. கேமரா மேலே ஆரம்பித்தது. நாலு. அவசரமே இல்லாமல் இறங்கிற்று. இரண்டு. போதும், நிறுத்து, நிறுத்துடி. இன்னும் இறங்கிற்று. தரைக்கு அரை முழம் மேலே, அந்த ஒன்று. அதன் மேல் ஒரு எறும்பு ஊர்ந்து போனது. தட்டினதும் திறந்த கதவில் ஏழு வெட்டு விழாது. மடியில் விழுந்தவனை அவ்வளவு கீழே, கதவோடு சேர்த்து வெட்ட முடியாது. இதைப் புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம், தச்சன் பெண்டாட்டி போதும். தவமணி முறுக்கு மெல்வதை நிறுத்தியிருந்தாள். செசிலி திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே போன மூச்சு வெளியே வர வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

விளக்குப் போட்டார்கள். கைதட்டினார்கள். யாரோ வந்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பவதாரணி முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். "எப்டிம்மா கதவு? நான் சொன்னேன்ல? அத்தன வருஷத் தேய்மானம், அத்தன கோடு, ஒரு தெருவோட முகம் மாதிரியே இருந்துச்சு." தவமணிதான் பதில் சொன்னாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. "எங்க வீட்டுக்காரர் செஞ்சதும்மா. பர்மா தேக்கு. நல்லா தாங்கியிருக்கு." அந்தப் பெண் கண்ணை விரித்து, "அப்டியா! முன்னாடியே சொல்லியிருந்தா உங்களையும் பேச வச்சிருப்பேனே" என்று வருத்தப்பட்டுவிட்டு, யாரோ கூப்பிட அந்தப் பக்கம் போனாள்.

நாற்காலிகள் காலியாயின. தவமணி குனிந்து செருப்பை மாட்டினாள், ஒன்று, பிறகு இன்னொன்று. நிமிர்ந்து வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் அடைச்சிருக்க. அவுங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, கட்டவெரலால அமுக்கி" என்றாள். செசிலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அறைவாள், கத்துவாள், தலைமயிரைப் பிடிப்பாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். அது நடந்தால் நன்றாக இருக்கும். நடக்கவில்லை. தவமணி அவள் பக்கம் திரும்பினாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் மாவு ஒட்டின கையோடு நின்ற அதே முகம்தான், நரை மட்டும் கூடுதல்.

"தண்ணி குடிச்சாராக்கா?"

செசிலிக்குள் குழந்தை அழுதது, கை பொத்தப் போனது. இந்தத் தடவை பொத்தவில்லை.

"இல்ல தவமணி."

தவமணி தலையை ஆட்டினாள், கேட்டுக்கொண்டேன் என்பதுபோல, இரண்டு தடவை. செசிலி என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து அவள் பக்கம் நீட்டினாள். அவள் கை நடுங்கித் தண்ணீர் தரையில் சிந்திற்று. தவமணி அதை வாங்கவில்லை. தன் நாற்காலியில் கிடந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் தானே திருகி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள்.